முற்றவெளியில் ஓர் உதைபந்து

யாழ்ப்பாண நகரின் ஓரத்தில், கடலேரியின் உப்புக்காற்று ஓயாது வீசும் இடத்தில், ஐங்கோண வடிவினதாகிய பழைய கோட்டை கிடக்கின்றது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658 ஆம் ஆண்டிற் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் பெருப்பித்து அமைத்தனர். கோட்டையை அடுத்துப் பரந்து கிடக்கும் வெளியே முற்றவெளி. முனியப்பர் கோயிலும், துரையப்பா விளையாட்டரங்கும், 1981 இல் எரியுண்டு மீண்டெழுந்த பொதுநூலகமும் அதன் அயலிலுள்ளன.

இவ்வெளிக்கு வாரத்தில் மூன்று நாட்கள், விடியற்பொழுதில், நாற்பதைக் கடந்த ஆசிரியர் ஐவராகிய நாம் ஓர் உதைபந்துடன் செல்கின்றோம். நம்முள் ஒருவருக்கு நீரிழிவு. இன்னொருவருக்கு இரத்த அழுத்தம். மருந்தோடு தேகாப்பியாசமும் வேண்டுமென்பது வைத்தியரின் கட்டளை. வெறுமனே நடப்பது சில நாட்களிற் சலித்துவிடுகின்றது. உருளும் பந்தோ நம்மைத் தானே இழுத்துச் செல்கின்றது.

நம் தலைமுறையினர் ஓடியாட வேண்டிய வயதைப் பதுங்குகுழியிலும் இடப்பெயர்விலும் கழித்தவர்கள். 1990 இல் இக்கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று; 1995 இல் ஊரே பெயர்ந்தது. போரிற் சிதைந்த விளையாட்டரங்கு, இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்று 2016 இலேதான் மீளத் திறக்கப்பட்டது. ஆகவே இங்கு நாம் தேடுவது உடல்நலம் மாத்திரமன்று. கைநழுவிய ஒரு பருவத்தின் எச்சத்தையுமே.

பயிற்சி எளியது. முதலிற் பத்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடாக்குகின்றோம். பின்பு பந்தின் உச்சியை இரு உள்ளங்கால்களாலும் மாறிமாறித் தொடுதல்; முப்பது விநாடி தொட்டால் முப்பது விநாடி ஓய்வு. அடுத்து, பாதங்களின் உட்புறங்களால் பந்தை இடமும் வலமுமாகத் தட்டுதல். அதன்பின் எட்டுக் குரும்பைகளை இரண்டடி இடைவெளியில் வரிசையாக வைத்து, அவற்றினூடே பந்தை வளைத்து நடத்துதல். இறுதியில் இருவர் இருவராகப் பத்து மீற்றர் தூரத்தில் நின்று பந்தைப் பரிமாறுதல். கோட்டை மதிலிற் பந்தை மோதவிடுவதில்லை. அது காக்கவேண்டிய சின்னம்.

பந்தாட்டத் திறன் பிறவியில் மட்டும் வருவதன்று, படிப்படியாகக் கற்பிக்கத்தக்கது என்று வற்புறுத்தியவர் வீல் கூர்வர் என்னும் ஒல்லாந்துப் பயிற்சியாளர். 1974 இல் பெயனூர்ட் கழகத்திற்கு ஐரோப்பிய வெற்றிக்கிண்ணமொன்றை ஈட்டிக் கொடுத்தவர் அவர். ஒல்லாந்தர் கோட்டையருகே ஒல்லாந்தர் ஒருவரின் முறையைப் பழகுவதும் ஓர் இனிய பொருத்தமே.

ஓடுதல், நிற்றல், திரும்புதல் என விரைவு மாறிமாறி வருவதால் இருதயம் வலுப்பெறுகின்றது. உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக் கொள்கின்றன. வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு ஐம்பது நிமிடமாக மூன்று நாட்களில் அக்கணக்கு நிறைகின்றது.

சில காலைகளில் நம் மாணவரும் அங்கு வருவதுண்டு. "சேர், நிலத்தைப் பாக்காதேங்கோ, நிமிர்ந்து பாத்துக்கொண்டு பந்தைக் கொண்டு போங்கோ" என்றான் ஒருவன். வகுப்பிலே கடைசி வாங்கில் வாய்திறவாதிருப்பவன் அவன். முற்றவெளியில் அவனே ஆசான், நாம் மாணாக்கர். அன்றிலிருந்து வகுப்பிலும் அவன் கையுயர்த்தத் தொடங்கியிருக்கின்றான்.

இவ்வாறு தொடங்க விரும்புவோர், நெஞ்சுநோவோ இரத்த அழுத்தமோ உண்டாயின், முதலில் வைத்தியரை நாடுக. பழுதற்ற சப்பாத்து அணிக. மூட்டு நோகுமாயின் நிறுத்துக. முதல் வாரத்தில் இருபது நிமிடம் போதும். யாழ்ப்பாணம் வருவோர் முற்றவெளியைக் காலையிலே காண்பது நன்று. வெயில் ஏறுமுன் காற்று இதமாயிருக்கும். வரும்போது பிள்ளைகளையும் ஒரு பந்தையும் உடன் கொண்டு வருக.