அந்தப் பத்து நிமிடங்கள்

கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்தபின், சில வாரங்கள் அச்செழுத்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டார். நூலின்றி உறங்கிப் பழகாத எனக்கு அது பெருந்தண்டனையாயிற்று. என் நிலைக்கு இரங்கிய தமக்கை மகன், தன் கைப்பேசியில் ஓர் ஒலிநூலை வைத்துத் தந்தான். "வேற்றுலகத்தாருடன் நடக்கும் போர்க்கதை, மாமா. மொத்தம் மூன்று பாகங்கள். முதல் இரண்டின் கதையை நானே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாகத்தை நீங்களே கேளுங்கள்" என்றான். இளைஞர்களின் பொழுதுபோக்கு என்றெண்ணியே அதைக் காதில் மாட்டினேன். என் எண்ணம் பிழையாயிற்று.

மின்நிலையப் பொறியாளராகப் பணியாற்றிய லியூ சிசின் என்னும் சீன எழுத்தாளரின் படைப்பு அது. இவ்வரிசையின் முதல் நூல் 2015ஆம் ஆண்டில் ஹியூகோ விருது பெற்றது. மூன்றாம் நூல் சீனத்தில் 2010இல் வெளிவந்தது. கென் லியூவின் மொழிபெயர்ப்பில், 'டெத்ஸ் எண்ட்' என்னும் பெயரோடு 2016இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலிநூலாகக் கேட்டு முடிக்க ஏறத்தாழ 29 மணி நேரம் வேண்டும்.

மூன்று சூரியன்களுக்கிடையே அலைக்கழியும் ஓர் உலகத்தார், நம் பூமியைக் கைப்பற்ற வருகின்றனர். நீர்த்துளி வடிவான அவர்களுடைய சிறு கலம் ஒன்றே, மனிதரின் ஏறக்குறைய 2,000 போர்க்கப்பல்களைக் கொண்ட படையை நொறுக்கிவிடுகிறது. இறுதியில் மனிதகுலத்தைக் காப்பது ஒரு மிரட்டல்: "நீங்கள் தாக்கினால், உங்கள் உலகம் இருக்கும் இடத்தை அண்டமெங்கும் அறிவித்துவிடுவோம். அறிந்தவர் எவரேனும் உங்களை அழிப்பர், எங்களையும் அழிப்பர்." இதற்கான விசை ஒரே மனிதரின் கையில் உள்ளது. லூவோ ஜி என்பவர் 54 ஆண்டுகள் அதை ஏந்திக் காவல் இருக்கிறார். அவர் அமுக்கத் தயங்கமாட்டார் என்பதைப் பகைவர் நன்கறிவர்.

அவர் முதுமையடைந்ததும், அடுத்த காவலரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. மக்கள் செங் சின் என்னும் பெண்ணைத் தேர்ந்துகொள்கின்றனர். காரணம், அவள் இரக்கமுள்ளவள். விசை கைமாறிய சில நிமிடங்களிலேயே பகைவர் தாக்குகின்றனர். அறிவிப்புக் கருவிகள் அழிவதற்கு முன் அவளுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ பத்து நிமிடங்களே!

அச்சு நூலாயின் பக்கத்தைப் புரட்டி முடிவை முன்னதாகவே பார்த்திருப்பேன். காதில் ஒலிக்கும் குரலோ தன் வேகத்திலேயே செல்கிறது. நள்ளிரவு, இருட்டறை, தனிமை. என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "அமுக்கு, பெண்ணே, அமுக்கு!"

அவள் அமுக்கவில்லை. இரண்டு உலகங்களின் உயிர்களை அழிக்க மனமின்றி விசையை வீசியெறிந்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகள் இரக்கத்தைப் போதித்த நாவா இவ்வாறு சொல்லிற்று?

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சி அப்போது நினைவுக்கு வந்தது. அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அலறின. பணியிலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய்யெச்சரிக்கை என்று துணிந்து, அவ்வாறே மேலிடத்துக்கு அறிவித்தார். அவர் கணித்ததே சரியாயிற்று; உலகம் அவரைப் போற்றிற்று. செங் சினுக்கு வந்த எச்சரிக்கையோ மெய்யானது. அவளுடைய இரக்கத்துக்குக் கோடிக்கணக்கான மக்கள் விலை கொடுத்தனர்; மனிதருள் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்கு மந்தைபோல் துரத்தப்பட்டனர். ஆசிரியர் இதை மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. நன்மை செய்தால் உடனே நன்மை விளையும் என்னும் எளிய ஆறுதல் இக்கதையில் இல்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவள் மென்மையானவள் என்பதற்காகவே மக்கள் அவளைத் தேர்ந்தனர். அந்த மென்மைக்காகவே இன்றும் வாசகர் பலர் அவளைக் கடிந்துகொள்கின்றனர். நம் இல்லங்களிலும் இது நடப்பதில்லையா? சண்டையைத் தீர்த்துவைக்க இளகிய மனமுள்ள தாயைத்தான் தேடுகிறோம். பின்பு, "நீ கண்டித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்று அவள் மீதே பழி சுமத்துகிறோம்.

கதையின் முடிவில், அண்டம் மீண்டும் பிறக்கவேண்டுமானால் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தரவேண்டும் என்று ஓர் அழைப்பு வருகிறது. செங் சின் தன் புகலிடத்தையே விட்டுக்கொடுக்கிறாள். ஒரு கண்ணாடிக் கோளத்துள் சிறு மீன்களும் பாசியுமாக, 5 கிலோ எடை மட்டுமே அங்கே எஞ்சுகிறது. எல்லாரும் அவ்வாறு தந்தனரா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. அவள் தந்தாள்.

சில நாட்கள் கழித்து மருமகன் வந்தான். "கதை எப்படி, மாமா? அவள் அமுக்கியிருக்க வேண்டாமா?" என்று கேட்டான்.

"அவள் அமுக்கவில்லை, தம்பி. அன்றிரவு இந்த அறையில் நான் அமுக்கிவிட்டேன். அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.