பொட்டக்காட்டுக் கணக்கு



கஞ்சமலைக்குப் போகிற வழியில், கரட்டை ஒட்டி ஒரு மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. புல்லும் பொடிக்கல்லும்தான். "அங்க என்னடி இருக்கு, வெறும் பொட்டக்காடு"ன்னு எங்க அம்மா சொல்லும். அங்கே என்ன இருக்கிறது என்று நான் நாலு வருஷமாக எண்ணிக்கொண்டு வருகிறேன்.

தமிழ்நாட்டில் பறவை பார்க்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து 2015 முதல் பொங்கல் லீவில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நான் ஆறாவது படிக்கும்போது டீச்சர் இதைச் சொன்னாங்க. அந்தப் பொங்கலுக்கே நானும் எங்க தாத்தாவும் கிளம்பிட்டோம். ஒரே தடம், காலை 6.30 முதல் 7.30 வரை. ஒரு வருஷம் ஒரு மணி நேரம், அடுத்த வருஷம் மூணு மணி நேரம் என்று பார்த்தால் ரெண்டையும் ஒப்பிட முடியாது. எங்களிடம் பைனாகுலர் இல்லை. ஆனால் தாத்தா அங்கேயே ஆடு மேய்த்தவர், சத்தத்தை வெச்சே என்ன குருவின்னு சொல்லிடுவார்.

ஆறாவதில் இருந்து ஒன்பதாவது வரை என் நோட்டில் உள்ளது இது:

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி: 11, 9, 4, 3
வானம்பாடி: 31, 12, 27, 19
மயில்: 2, 5, 9, 14

வானம்பாடியைப் பாருங்கள், ஏறி இறங்கி வருகிறது. அது குளிர்காலத்தில் கூட்டமாகச் சுற்றும். அன்றைக்குக் கூட்டம் பக்கத்துக் காட்டில் இருந்தால் நம்ம நோட்டில் குறைந்துவிடும். மழையைப் பொறுத்தும் மாறும். அதனால் வானம்பாடி குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆள்காட்டி அப்படி இல்லை. வருஷம் தவறாமல் இறங்கிக்கொண்டே வருகிறது.

2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஒரு அறிக்கை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குறித்துக் கொடுத்த கணக்கை வைத்து 942 வகைப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புல்வெளியிலும் திறந்த வெளியிலும் வாழும் பறவைகள்தான் ரொம்ப வேகமாகக் குறைகிறதாம். நம்ம ஊரில் கரண்டு கம்பியில் உட்காருமே பனங்காடை, அதுவும் குறைகிற பட்டியலில் இருக்கிறது. மயிலோ நாடு முழுக்கவே கூடியிருக்கிறது. என் நோட்டும் அதையே சொல்வதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்து வந்தது.

ஏன் குறைகிறது? ஒரு பக்கம் மனை போட்டு கல் நட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. முன்பெல்லாம் ஆடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கும். இப்போது எங்க தெருவில் எல்லாருமே தறிக்குப் போறாங்க, ஆடு வைத்திருப்பது ரெண்டே வீடுதான். காங்கேயத்தில் எங்க சித்தி வீட்டுப் பக்கம் கொரங்காடு என்று மேய்ச்சல் காடுகளுக்குக் கிளுவை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும், மாடுகள் மேயும், நடுவில் கௌதாரி ஓடும். மேய்ச்சல் இருந்தால்தான் அந்த இடம் அப்படியே இருக்கும் என்று அங்கேதான் புரிந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சின்னக் குழி பறித்து, கல்லைப் போலவே இருக்கும் முட்டை இடும். வெயில் காலத்தில் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். நாயோ ஆளோ வந்தால் தூரத்திலேயே பார்த்துக் கத்துவதற்கு நாலு பக்கமும் வெட்டவெளியாக இருக்க வேண்டும். பக்கத்தில் மரம் இருந்தால் காக்கா மேலே உட்கார்ந்து முட்டையை நோட்டம் பார்க்கும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இந்த மழைக்கு அந்தப் புறம்போக்கில் 200 மரக்கன்று நடப் போகிறோம் என்று பிரேயரில் சொன்னார்கள். மரம் நடுவது நல்லதுதான், நானும் நட்டிருக்கிறேன். ஆனால் நடுக்காட்டில் வேண்டாமே. ரோட்டு ஓரமும் ஏரிக்கரையும் சும்மாதானே கிடக்கு? கன்று எங்கே நடலாம், ஆள்காட்டி எங்கே முட்டை இடுகிறது என்று ஒரு சார்ட்டில் படம் வரைந்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஹெச்.எம். ஐயாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. குழி தோண்ட ஆள் வருவது புதன்கிழமை.