முனி போனான், மரமும் போனது!

பகுத்தறிவு பேசினோம், பாராட்டுப் பெற்றோம், பழம்பெரும் மரமொன்றைப் பறிகொடுத்தோம்! வெற்றிக் கதை கூற வரவில்லை, தோழர்களே! வெட்கக் கதை கூற வந்திருக்கிறோம்.

பட்டம் பெற்ற கையோடு நாம் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்றபோது, ஏரிக்கரையில் நின்றது ஒரு புளியமரம். நால்வர் கைகோத்தாலும் அணைக்கவொண்ணா அடிமரம். பகலெல்லாம் பாட்டிமார் அங்கே புளி பொறுக்குவர். பொழுது சாய்ந்தாலோ தலைகாட்ட ஆளில்லை. முனி இருக்கிறானாம்! இரவில் அடிப்பானாம்!

விடுவோமா? வகுப்பில் விளக்கினோம். இலை, பகலொளியில் உணவு சமைக்கிறது. அப்போது உயிர்வளி வெளிப்படுகிறது. இரவில் சமையல் இல்லை. மூச்சு மட்டுமே உண்டு. ஆகவே கரியமில வாயு வெளியாகிறது என்றோம். “அப்படியானால் அந்த வாயுதான் ஆளை அடிக்கிறதா, ஐயா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. படித்தவர் பலர் கூறும் விளக்கம் அது. ஆயினும் பிழையே! திறந்தவெளிக் காற்றில் கரைந்துவிடும் அச்சிறு அளவு எவரையும் வீழ்த்தாது. பேய்க்கு அஞ்சுவது மடமை என்றால், அந்தப் பேய்க்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிடுவதும் மடமையே அல்லவா?

ஓரிரவு, பெற்றோர் இசைவோடு, ஊரென்றும் சேரியென்றும் பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் பதினேழு பேர் நம்மோடு மரத்தடியில் ஒன்றாக அமர்ந்தனர். கடலை கொறித்தோம், கதை பேசினோம், பொழுது விடிந்தது. முனி அடிக்கவில்லை, கொசுதான் கடித்தது! ஊர் வியந்தது, உள்ளம் பூரித்தோம்.

அடுத்த கோடையில் லாரி வந்தது. அம்மரத்தை முன்னரும் ஏலம் கூறினராம், எடுக்கத்தான் ஆளில்லை. கோடரி தூக்கினால் குடும்பம் அழியும் என்ற அச்சம்! இப்போது அச்சம் அகன்றது; ஏலம் படிந்தது; இரண்டே நாளில் மரம் செங்கற்சூளைக்கு விறகாயிற்று. பதறி ஓடினோம். வெட்டுண்ட அடிக்கட்டையில் அமர்ந்திருந்த பாட்டி நம்மை நிமிர்ந்து பார்த்தாள். “முனி இல்லேன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? அவன் இருந்த வரைக்கும் மரம் இருந்துச்சு.”

வாயடைத்து நின்றோம்.

முனியை மீண்டும் குடியேற்றுவதா இதற்கு விடை? இல்லை, இல்லவே இல்லை! அச்சம் மரத்தைக் காத்தது உண்மை. மாதவிலக்கு நாளில் பெண்களை அந்த நிழலில் ஒதுங்க விடாமல் விரட்டியதும் அதே அச்சந்தான். காவலுக்கு அது வாங்கிய கூலி அது! ஆனால் அச்சத்தை அகற்றிய இடத்தில் நாம் வைத்தது என்ன? ஒன்றுமில்லை! முனி இல்லை என்று கூறினோம். மரம் ஏன் வேண்டும் என்று கூறினோமா? குற்றம் பகுத்தறிவினது அன்று; பாதி வழியில் நின்றுவிட்ட நம்முடையது.

மீதி வழியை நடக்கப் பள்ளியின் பின்புறம் நாற்றங்கால் அமைத்தோம். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. முதலாண்டு, வேப்பங்கொட்டையைச் சேமித்து வைத்து, மாதங்கள் கழித்து விதைத்தோம்; முளைக்கவில்லை. “இடத்துத் தோஷம்” என்றார் ஒருவர். தோஷமன்று; வேம்பின் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். மறு ஆண்டு, பழம் உதிர்ந்த சூட்டோடு விதைத்தோம், முளைத்தது! வேம்புக்குத் துணையாகப் புங்கனும் நாவலும் வளர்ந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். பனை பயன்தரப் பதினைந்து ஆண்டுகளேனும் செல்லும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஊன்றினர்.

நீர் சுமக்க முதலில் இரண்டு குடங்கள் இருந்தன, தெருவுக்கு ஒன்றாக. ஒன்று உடைந்தது. “வேறு வேண்டாம், ஐயா, ஒன்றே போதும்” என்றனர் பிள்ளைகள். நாம் நடத்தாத பாடம் அது!

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமுமாக இருத்தல் வேண்டும் என்றது 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. தமிழகத்தில் 33 விழுக்காட்டை எட்டவே 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. திட்டம் கன்று தரும். காவல் தருவது யார்?

சென்ற ஆண்டு, கரையோர நாவல் மரத்தையும் ஏலம் விடப்போவதாகப் பேச்சு எழுந்தது. அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்குப் பிள்ளைகள் தம் தாய்மாரை அழைத்து வந்தனர். அன்று வாயு பற்றி வினவிய அதே மாணவி, குறிப்பேட்டைத் திறந்து படித்தாள்: பழம் எத்தனை படி, நிழலில் ஒதுங்கியோர் எத்தனை பேர், வேர் பிடித்த கரை எத்தனை முழம். சாபம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சபையில் பாட்டியும் இருந்தாள், கை உயர்த்தினாள். ஏலப் பேச்சு அன்றோடு நின்றது.

மரம் நிற்கிறது. முனி இல்லை, காவல் இருக்கிறது!