எலும்பும் சரிகையும்

தட்டைக் கையில் வாங்கியதும் அப்பா அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தறியிலிருந்து சேலையை அறுத்ததும் இப்படித்தான் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். எங்காவது இழை விட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். தட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய நாலு விரலும் நிழலாகத் தெரிந்தன. "இங்க வந்து பாரேன், கை தெரியுது!" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். மகள் கல்யாணத்துக்குச் சேலை நெய்யச் சொல்லிவிட்டுப் போன லண்டன் குடும்பம் ஒன்று, மறுவருஷம் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கென்று கொண்டுவந்த டீ செட் அது. ஆறு கப், ஆறு சாசர், ஆறு சின்னத் தட்டு. பால் வெள்ளை உடம்பு, விளிம்பில் தங்கக் கோடு. அப்பா அந்தக் கோட்டை நகத்தால் மெல்ல வருடி, "இது நெசச் சரிகையா?" என்று கேட்டார்.

காஞ்சிபுரத்தில் யாருக்கும் முதலில் வருகிற கேள்வி அது. சிவப்புப் பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றினால் அசல் சரிகை. கல்லில் தேய்த்தால் உள்ளே இருக்கிற சிவப்பு வெளியே வரும். எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தங்கம் இருக்காது, ஆனால் அந்தத் துளிதான் முந்தியை மினுக்குகிறது. கோப்பை விளிம்பில் இருப்பதும் அதே மாதிரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கத்தைக் கரைசலாக்கி, தூரிகையால் தீட்டி, எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில் சுட்டு ஒட்டவைக்கிறார்கள். அந்தப் பூச்சு தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது.

அன்று ராத்திரி அந்தக் கோப்பையில் முதல் டீ அப்பாவின் அம்மாவான ஆயாவுக்குத்தான் போயிருக்க வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அடியில் இருந்த முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். "ஃபைன் போன் சைனா. போன்னா எலும்பு, ஆயா." ஆயா கையை இழுத்துக்கொண்டாள். "எலும்பா? எதோட எலும்பு?"

மாட்டு எலும்பு. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வழியே இல்லை. எலும்பிலிருக்கும் பசையை எடுத்துவிட்டு, சுமார் ஆயிரம் டிகிரியில் சாம்பலாகும்வரை எரித்து, மாவாக அரைத்துக் களிமண்ணோடு சேர்க்கிறார்கள். சீனர்களின் பீங்கான் ரகசியத்தைத் தேடி ஐரோப்பா அலைந்த காலத்தில், லண்டனுக்குப் பக்கத்தில் போ என்ற இடத்தில் தாமஸ் ஃப்ரை 1740களிலேயே எலும்புச் சாம்பலைக் கலந்து பார்த்திருக்கிறார். அதைச் சரியான பக்குவத்துக்குக் கொண்டுவந்தது, 1790களில், ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் இருந்த ஸ்போட் பட்டறை. ஆறு பங்கு எலும்புச் சாம்பல், நாலு பங்கு சீனக்கல், மூன்றரைப் பங்கு வெள்ளைக் களிமண் என்று அவர்கள் கணக்கு. ஏறக்குறைய பாதி எலும்பு. அந்த வெண்மையும், விரல் தெரிகிற மென்மையும், மெல்லிசாக இருந்தும் சட்டென்று உடையாத உறுதியும் எலும்புச் சாம்பலால் வருபவை.

அப்பா ஆயாவிடம் வாதாடுகிறவர் இல்லை. அன்று மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, நாம மட்டும் என்ன? கூட்டோட புழுவ வேகவெச்சுத்தான நூல் எடுக்கறாங்க?"

அது எங்கள் ஊருக்குப் புதிய பேச்சு இல்லை. காஞ்சி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, புழுக்களைக் கொன்று எடுப்பது என்பதால் பட்டு உடுத்த வேண்டாம் என்று தம் அடியார்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டே சொன்னார். நெசவாளர் வீடுகளில் அதைக் கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு, தலைகுனிந்து கேட்டவர்களும் உண்டு. ஆயா அந்த இரண்டு வகையிலும் இல்லை. "பட்டு நம்ம பொழப்பு. இது ஆசைக்கு வாங்கறது. ரெண்டும் ஒண்ணாடா?" என்றாள். தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாள்.

பல வருஷம் அதையே யோசித்திருக்கிறேன். இப்போதும் ஆயா பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. சோறு போடுகிற தொழிலில் தவிர்க்க முடியாதது வேறு. அலமாரிக்கு அழகாக ஒரு பொருளைத் தேடிப் போகிறபோது, அது எதனால் ஆனது என்று கேட்க நமக்கு நேரமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. ஆகவே போன் சைனா வாங்கப் போகிறவர்கள் முதலில் இதை வீட்டில் பேசிக்கொள்ளட்டும். எலும்பு வேண்டாம் என்றால் வழி உண்டு. நல்ல போர்சலைன் வெள்ளைக் களிமண், படிகக்கல், ஃபெல்ஸ்பார் இவற்றால் மட்டுமே ஆனது. எலும்புச் சாம்பலுக்குப் பதிலாக ஆலையில் தயாரித்த கால்சியம் பாஸ்பேட் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வி தீர்ந்த பிறகு கண்ணுக்கும் காதுக்கும் வேலை. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிய வேண்டும். போன் சைனாவின் வெண்மையில் பாலின் கதகதப்பு இருக்கும். போர்சலைன் கொஞ்சம் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. விரல்கணுவால் விளிம்பைத் தட்டினால் மணிபோல ஒலி நின்று அடங்க வேண்டும். 'டப்' என்று செத்துப்போனால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. தட்டைச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். அடி வளையத்தை விரலால் சுற்றித் தடவுங்கள். அங்கே சொரசொரப்பு இருந்தால், அடுக்கும்போது கீழே இருக்கிற தட்டின் முகத்தைக் கீறிவிடும். பூவேலை நிறைந்ததைவிட வெறும் வெள்ளை நல்லது என்பது என் எண்ணம். ஒன்று உடைந்தால் ஜோடி சேர்க்கலாம், இட்லியும் மிளகாய்ப்பொடியும் அதன்மேல் எடுப்பாகத் தெரியும்.

பராமரிப்பில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019இல் அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளும் ஊரில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். அவர்களுக்காக அந்த செட்டை இறக்கினோம். ஒரு நாள் ராத்திரி அசதியில், மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து ஒரு கப்பையும் கம்பி நாரால் தேய்த்துவிட்டேன். காலையில் பார்த்தால் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தங்கத்தைக் காணோம். அப்பா வாங்கிப் பார்த்தார். "சரிகையக் கல்லுல தேச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அதற்குப் பிறகு அந்த செட் தனியாகத்தான் கழுவப்படுகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் இளஞ்சூடான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற பஞ்சு. பித்தளைக்குப் போடுகிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ போடக் கூடாது. எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர்; கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், உடனே துடைக்க வேண்டும். டீக் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, சற்று ஊறவைத்துத் துடைத்தால் போதும். தங்க விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கப்பில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றக் கூடாது. கப்பைப் பிடியில் தொங்கவிடுவதும், ஒன்றுக்குள் ஒன்று செருகுவதும் வேண்டாம்.

தட்டுகளுக்கு நடுவே அப்பாவின் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போட்டிருக்கிறோம். அதே வேட்டித் துணியில்தான் அம்மாவின் கல்யாணச் சேலையும் சுற்றியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலையை மடிப்பு மாற்றி மடிக்கிற அன்றே செட்டையும் எடுத்துத் துடைப்போம். மடிப்பு மாற்றாத சேலை மடித்த இடத்தில் இற்றுப்போகும். தட்டு இற்றுப்போகாதுதான். ஆனால் எடுத்துப் புழங்காத கைக்கு அதன் எடை மறந்துபோகிறது, மறந்த கைதான் நழுவவிடுகிறது. எங்கள் வீட்டில் உடைந்த ஒரே சாசர், இந்தப் பழக்கம் வருவதற்கு முன், ஆறேழு வருஷம் அலமாரியிலேயே இருந்துவிட்டு வெளியே வந்த அன்றுதான் உடைந்தது. இப்போது ஞாயிறுதோறும் அந்த செட்டில்தான் டீ.

ஆயாவைப் பற்றி இன்னும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கொழும்புக்குப் போன தோழியிடம் பணம் கொடுத்து, இலங்கையில் செய்த போர்சலைன் கப் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். எலும்பு கலக்காததுதானா என்று அவள் கடையில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். தங்கக் கோடு எதுவும் இல்லாத வெறும் வெள்ளை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவின் கையில் கொடுத்தேன். பொங்கலுக்குப் பானை வாங்கும்போது செய்வதுபோல, காதருகே வைத்து விரலை மடக்கித் தட்டினாள். ஒலி அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இதுல என்ன கலந்திருக்கு?"

"மண்ணும் கல்லும்தான் ஆயா."

இன்னொரு தட்டு தட்டினாள்.

"சரி, காப்பி ஊத்து."