ஓர் உலர்ந்த சட்டை

“ஸ்வெட்டர் வேணாம் தம்பி. சட்டை ரெண்டு கொண்டாங்க. ஒண்ணப் போட்டுக்குங்க. இன்னொண்ண பிளாஸ்டிக் பையில கட்டி, அந்தப் பைய இன்னொரு பையில போட்டுக் கட்டுங்க. நான் சொல்றப்பதான் அதப் பிரிக்கணும்.”

சின்னப் படகில் குளிரை எப்படித் தாங்குகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டதற்குப் படகுக்கார அண்ணன் சொன்ன பதில் இது. அப்போது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த நண்பர், “மலேசியாவுல குளிரா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலை 5 மணிப் பெரட்டுக்கு, அதாவது வேலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் அம்மா, தலையில் துண்டைக் கட்டி, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு லயத்துப் படியிறங்கியது கண்ணில் நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த விடியலில் அவர் கைகள் வெடவெடவென்று நடுங்கும். அந்தக் குளிரை யாரும் குளிரென்று கணக்கில் எடுத்ததில்லை. வெப்பநிலை 23 பாகையில் இருக்கிற ஊரில் குளிர் என்று சொன்னால் சோம்பல் என்று நினைப்பார்கள். படகுக்காரரை நான் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, துறைமுகத்தில் தண்டவாளம் முடிகிறது. 1901இல் திறந்த இந்தத் துறைமுகத்துக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். என் தாத்தா ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்து இறங்கியது இங்கேதான். மழை வந்தால் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி உட்கார்ந்தோம் என்று அவர் சொல்வார். அந்த வார்த்தை அன்று இரவே எனக்குப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

பாகான் ஹைலாம் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு. பாகான் என்றால் படகுத்துறை, ஹைலாம் என்றால் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களில் சீனரும் மலாய்க்காரரும்தான் பெரும்பாலும். தமிழர் சொற்பம். அண்ணனுக்கு 58 வயது. தோட்டம் மூடப்பட்டபோது வேலை போய், ஒரு சீனத் தவுக்கேயின் படகில் கூலிக்கு ஏறி, பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கியவர். கூட வருவது அக்கா மகன். 22 வயது. “மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே எல்லா வேலையையும் பார்க்கிறான்.

இங்கே கடலுக்குப் போகும் நேரத்தை முடிவு செய்வது தண்ணீர்தான். கிள்ளான் கரையில் பெருவெள்ளத்துக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். தண்ணி வத்திவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். நாங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பினோம். துறைமுகத்துப் பளுதூக்கிகளின் விளக்குகள் பின்னால் போக, அலையாத்திக் காட்டின் கறுப்பு விளிம்பை ஒட்டி வெளியே வந்தோம். கெத்தாம் தீவின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. காற்று இதமாக இருந்தது. நான் ஒரு சிறிய வெப்பமானி கொண்டுபோயிருந்தேன். 28 பாகை காட்டியது. வாளியில் மொண்ட கடல்நீர் 29.

புறப்படும் முன் அண்ணன் என் உடுப்பைப் பார்த்தார். பருத்திச் சட்டை. “இது வேணாம்” என்று தன் பையிலிருந்து முழுக்கைப் பந்தாட்ட ஜெர்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஜெர்சித் துணியை உதறினால் பாதி ஓடிவிடும். அதற்கு மேல் காற்று புகாத நைலான் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டச் சொன்னார். நம் ஊரில் மோட்டார்சைக்கிள்காரர்கள் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜிப்பு வழியாக நெஞ்சில் காற்று நுழையாதிருக்கச் செய்யும் வேலை அது. அதற்கும் மேல் மிதவை ஜாக்கெட். உயிர் காக்கத்தான் அது என்றாலும், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நெஞ்சையும் முதுகையும் கதகதப்பாக வைக்கிறது. கடைசியாக, தலையும் கையும் நுழைய ஓட்டை போட்ட உரச்சாக்கு. உள்ளே பிளாஸ்டிக் பூசிய சாக்கு. கடையில் விற்கும் மழைச்சட்டை ஒரு மாதத்தில் வலை கீறிக் கிழிந்துவிடும். சாக்கு கிழிந்தால் இன்னொரு சாக்கு.

செனாங்கின் மீனுக்கான மிதவை வலையை இறக்கி, வலையின் கயிற்றைப் படகின் முகப்பில் கட்டினார்கள். இப்படிக் கட்டினால் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் படகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வலையோடு சேர்ந்து மிதக்கும். கொஞ்ச நேரம் படுத்தோம்.

அதிகாலை 3 மணிக்கு மேல் அண்ணன் என் தோளைத் தட்டினார். மேற்கே, சுமத்ரா பக்கம், நட்சத்திரங்கள் இல்லை. அடிவானத்தில் மின்னல் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

“சுமத்ரா வருது. பையப் பத்திரமா வச்சுக்குங்க.”

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்தக் கரைக்கு வரும் காற்று இது. இரவில் சுமத்ரா மேலும் மலாக்கா நீரிணை மேலும் இடிமேகங்கள் திரண்டு, வரிசை கட்டி, கிழக்கே நகர்ந்து, விடியுமுன் நம் கரையில் மோதும். மழைத்துளிகள் விழும் வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே இறங்கி, கடல்மேல் பரவி, மழைக்கு முன்னாலேயே ஓடி வந்துவிடும்.

அப்படித்தான் வந்தது. முதலில் குளிர்சாதன அறையின் கதவைத் திறந்ததுபோல் ஒரு வீச்சு. பிறகு காற்று. பிறகு ஊசி மாதிரி குறுக்கே அடிக்கும் மழை. அண்ணன் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டினார், உயரமாக நின்றால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். மூவரும் அடிப்பலகையில், காற்றுக்கு முதுகு காட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி உட்கார்ந்தோம். பையன் மட்டும் அடிக்கடி எழுந்து, படகுக்குள் தேங்கும் மழைநீரை இறைத்தான். குளிர்ந்த தண்ணீரில் கால் ஊறக்கூடாது என்பது இவர்கள் கண்டிப்பு.

20 நிமிடத்தில் வெப்பமானி 23 காட்டியது. 23 பாகை என்றால் ஓர் அலுவலக அறையின் குளிர்தான். ஆனால் என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. சாக்கின் கழுத்து வழியாக இறங்கிய தண்ணீர் முதுகுத்தண்டில் கோடு போட்டுக்கொண்டு ஓடியது.

இதன் கணக்கு கொடூரமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நனைந்த ஒரு பருத்திச் சட்டையில் கால் லிட்டர் தண்ணீர் தாராளமாகத் தங்கும். காற்று அதை உலர்த்தும்போது வெப்பத்தில் பெரும்பகுதியை உடம்பிலிருந்துதான் உறிஞ்சும். உலர்த்தி முடிக்குமுன் மழை மறுபடி நனைத்துவிடும். உடம்பின் உள்வெப்பம் 37 பாகை. அது 35க்குக் கீழே போனால் ஆபத்து என்பது மருத்துவம் வகுத்த கோடு. பனி விழும் நாட்டில்தான் அந்தக் கோட்டைத் தாண்டமுடியும் என்பதில்லை.

“கைய கடல்ல விடுங்க தம்பி” என்றார் அண்ணன்.

விட்டேன். வெந்நீர் மாதிரி இருந்தது. அடித்த மழை குளிர், வீசிய காற்று குளிர், கடல் மட்டும் அதே 29 பாகையில் கிடந்தது. ஆனாலும் அந்தச் சுகத்தில் கையை அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது, வெளியே எடுத்ததும் ஈரக்கை இன்னும் சீக்கிரம் விறைக்கும். விரல் மடங்கினால் போதும், எடுத்துத் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வட அட்லாண்டிக் மீனவர்கள் சிலர் கம்பளிக் கையுறையைப் பெரிதாகப் பின்னி, சுருங்கவைத்து, கடல்நீரில் நனைத்துப் பிழிந்தே மாட்டிக்கொள்வார்கள் என்று படித்திருக்கிறேன். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும். அவர்கள் கடல் உறைநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. நம் கடலோ வெதுவெதுப்பானது. இருந்தும் இரண்டு கரையிலும் பிரச்சினை விரல்தான். விரல் விறைத்தால் வலையில் சிக்கிய மீனை எடுக்க முடியாது, முடிச்சை அவிழ்க்க முடியாது, என்ஜின் கயிற்றை இழுக்க முடியாது.

மழை தூறலான பிறகு வலை இழுத்தார்கள். பையன் விரல்களை நான் டார்ச் வெளிச்சத்தில் பக்கத்திலிருந்து பார்த்தேன். நுனிகள் வெளுத்து, தோல் சுருங்கி, ஊறிய கடலை மாதிரி இருந்தன. இழையை நகத்தால் தூக்கி, மீனின் செவுளைச் சுற்றியிருந்த கண்ணியைப் பின்பக்கமாகத் தள்ளி, ஒரு சுழற்றலில் விடுவிக்கிறான். வழக்கமாக ஒரு மூச்சில் செய்கிற வேலைக்கு இப்போது மூன்று தடவை முயன்றான். நாலாவதாக வந்தது செனாங்கின் அல்ல, கெளிறு. முதுகு முள் நச்சுள்ளது. விறைத்த விரலுக்கு முள் தொட்டதே தெரியவில்லை, ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தான். அதன் பிறகு வலி வந்தது. கையை உதறிக்கொண்டு குனிந்துவிட்டான்.

அண்ணன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். வெந்நீரை மூடியில் ஊற்றி, தன் விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் மழைநீர் கலந்து, பையனின் விரலை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டார். தாங்கக்கூடிய சூடு, அதற்கு மேல் போனால் தோல் வெந்துவிடும். இந்த மீன்களின் நஞ்சு சூட்டில் சிதைகிற வகை, மருத்துவர்களும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஆறியதும் மறுபடி ஊற்றினார். கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தார்கள். மாமனும் மருமகனும் ஒரு ஃபிளாஸ்க் மூடியைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

எப்போதும் இரண்டு ஃபிளாஸ்க் வருகிறது. ஒன்றில் வெந்நீர், அதை யாரும் குடிப்பதில்லை. மற்றதில் சீனி கூட்டிய கோப்பி ஓ. சாராயம் கிடையாது. “முன்ன நான் கூலிக்குப் போன படகுல சம்சு வரும். குடிச்சா சூடா இருக்கும், நெசந்தான். ஆனா முதல்ல விழுறவன் அவன்தான்.” அண்ணன் அனுபவத்தில் கண்டது உடலியலும் சொல்வதே. சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும். உள்ளேயிருக்கும் சூடு தோலுக்கு வந்து காற்றோடு போய்விடும். சூடாக உணர்வது சூடு வெளியேறுவதைத்தான். தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று பார்த்தவனுக்கு, இந்தப் படகில் அது இல்லை என்பது பெரிய நிம்மதி.

அப்படி விழுந்த ஒருவரைப் பற்றியும் சொன்னார். கூட வேலை செய்தவர், நல்ல பலசாலி. மழை விட்ட பிறகு நடுக்கம் நின்றுவிட்டது, எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார். பேச்சு குழறியது. “நடுங்குறவனப் பாத்து பயப்படாதீங்க தம்பி, நடுங்குறது நின்னவனப் பாத்துதான் பயப்படணும்.” ஈரச்சட்டையைக் கழற்றி, யாருடைய பையிலோ இருந்த உலர்ந்த சட்டையை மாட்டி, இரண்டு பக்கமும் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டே கரைக்குக் கொண்டுவந்தார்களாம். அன்று முதல் அண்ணன் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டைப் பை கட்டாயம்.

ஈரம் படாமல் ஒரு பொருளைக் கடலில் காப்பது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. மதராசில் துறைமுகம் கட்டுமுன், கட்டுமரக்காரர்கள் அலைகளைத் தாண்டி நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோவார்கள். உடம்பு முழுக்க நனையும், கட்டுமரமே மூழ்கி எழும். கடிதம் மட்டும் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் உலர்ந்திருக்கும். அன்றைய ஐரோப்பியர் பலர் அந்தத் தொப்பியை வியந்து எழுதி வைத்தார்கள். கடிதத்துக்குக் கிடைத்த உலர்ந்த இடம் சுமந்தவன் முதுகுக்குக் கிடைத்ததா என்று அவர்களில் யாராவது கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வலையெல்லாம் ஏறியபின் கிழக்கே வெளுத்தது. அப்போதுதான் அண்ணன் சொன்னார், “இப்பப் பிரிங்க.” மழை அடிக்கும்போதே மாற்றியிருந்தால் இரண்டாவது சட்டையும் நனைந்திருக்கும். வேலைக்கு முன் மாற்றியிருந்தால் வலையின் ஈரம் அதைக் கெடுத்திருக்கும். மழையும் வேலையும் முடிந்து, படகு வேகமெடுத்து எதிர்காற்று வீசப்போகிற நேரம்தான் அதற்குரிய நேரம். முடிச்சை அவிழ்க்க என் விரல் வளையவில்லை. பையன் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தான். துண்டால் மார்பையும் முதுகையும் துடைத்துச் சட்டையை மாட்டினேன். இஸ்திரி போட்ட மடிப்பு இன்னும் கலையவில்லை. துணியின் சூடு என்று ஒன்று இல்லை, அது என் சூடுதான், வெளியே போகாமல் என்னிடமே நின்றது. தோள்கள் தாமாகவே தாழ்ந்தன. ஜாக்கெட்டை மறுபடி திருப்பி மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் என்ஜினைக் கிளப்பினார். குளிர்விக்கும் தண்ணீர் அதன் பக்கத்துளையிலிருந்து வெதுவெதுப்பாகப் பீய்ச்சியது. பையன் அடிபட்ட விரலை அதில் காட்டிக்கொண்டே வந்தான்.

கரைக்கு வந்தும் குளிர் முடியவில்லை. மீனை ரகம் பிரித்து ஐஸ் தோங்குப் பெட்டியில் அடுக்கவேண்டும். உடைத்த ஐஸுக்குள் வெறுங்கையோடு முழங்கை வரை விட்டு அண்ணன் அடுக்கினார். ரப்பர் கையுறை போட்டால் மீன் வழுக்குகிறது என்றார். 30 வருடமாக இந்தக் கை இப்படிப் போய் வருகிறது. காலையில் இடது கை விரல்கள் மடங்க நேரமாகிறது, சட்டைப் பொத்தானைப் பையன்தான் போட்டுவிடுகிறான். மருத்துவமனையில் கேட்டால் என்ன சொல்வது என்றார். கடலில் குளிர் என்று சொல்லவா?

சொல்லுங்கள் அண்ணே என்றேன். தேதி, நேரம், எத்தனை மணி நேரம் நனைந்தீர்கள், எத்தனை வருடம் ஐஸில் கை வைத்தீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் தலையாட்டினார். போவாரா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் மருத்துவமனைக்கு அவரோடு போக நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

வெயில் ஏறியது. படகின் குறுக்கே கட்டிய கயிற்றில் ஜெர்சிகளும் சாக்குகளும் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கின. அண்ணன் வீட்டுக்குள் போய், தோய்த்து மடித்த இரண்டு சட்டைகளோடு வந்தார். ஒன்றைப் பையில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டினார். அதை இன்னொரு பையில் போட்டார். பிறகு பையனுடையதை எடுத்தார்.