முதலை வாய்க் கணக்கு

ஹைதராபாத்தில் ஒன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். எது பெரிய எண் என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு நான் சொன்னது முதலைக் கதை. முதலைக்குப் பசி, அதிகம் இருக்கிற பக்கம்தான் வாயைத் திறக்கும், அந்த வாய்தான் 'கிரேட்டர் தன்' குறி. போர்டில் பல் வரைந்து வாலும் போடுவேன். வகுப்பே சிரிக்கும். சில நாளில் நோட்டுகளில் வாய்கள் ஒழுங்காகத் திறந்திருக்கும். பெற்றோர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார்கள்.

தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. தெரிந்தே செய்தேன்.

29, 31 கொடுத்தால் பலர் 29 பக்கம் வாயைத் திறந்தார்கள். "ஒன்பது இருக்கே டீச்சர்!" பத்துகள் பிடிபடவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவர்களோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். போர்ஷன் ஓடுகிறதே என்று, "முதல் இலக்கத்தை மட்டும் பாருங்கள்" என்றேன். பிறகு 9, 31 கொடுத்தபோது முதலை 9 பக்கம் போனது. முதல் இலக்கம் 9 தானே! அதற்கும் ஓர் ஒட்டுப் போட்டேன்: "இரண்டு இலக்கம் இருந்தால் அதுதான் பெரிசு." காசுகளைத் தள்ளித் தள்ளி அடுக்கினால் அதிகம் என்று நம்புகிற குழந்தைகளைப் பற்றிப் ஆசிரியர் பயிற்சியில் உளவியலாளர் பியாஜேயைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான்.

ஒரு பையன் இருந்தான். அத்தாப்பூர் பக்கம் வீடு, அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். குறியை எப்போதும் தலைகீழாகப் போடுவான். எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டு, இம்போசிஷனும் கொடுத்தேன். அவன் அம்மாவிடம் "கணக்கில் வீக்" என்று சொன்னேன்.

அவன் வீட்டுப் பக்கமாக மெஹதிப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை 11.6 கிலோமீட்டர் போகிற பி.வி.என்.ஆர். எக்ஸ்பிரஸ்வேயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் தூண்களுக்கெல்லாம் எண் உண்டு. கீழே இருக்கிற கடைகளுக்கு பில்லர் நம்பர்தான் விலாசம். ஒருநாள் நோட்டை மூடிவிட்டு, "68, 86, ஏதி எக்குவ?" (எது அதிகம்?) என்று தெலுங்கிலேயே அவனிடம் கேட்டேன். 86 என்றான், யோசிக்கவே இல்லை. மெஹதிப்பட்டணத்திலிருந்து வந்தால் 68 முன்னாலேயே வந்துவிடும், 86க்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும் என்றான். எண்ணைத் தூரமாகப் பார்த்த பிள்ளை வகுப்பில் அவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். ரிப்போர்ட் கார்டு போய்விட்டது என்று மார்க்கைத் திருத்தவில்லை. அவன் அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொன்னால் என் கௌரவம் என்ன ஆகும் என்றுதான்.

பெரியவர்களுக்கும் எண் தூரம்தான். 2, 9 இரண்டில் எது பெரிது என்று சட்டென்று சொல்கிறவர்கள் 8, 9 என்றால் கொஞ்சம் தாமதிக்கிறார்கள். 1967இல் உளவியல் ஆய்வாளர்கள் மோயரும் லாண்டவரும் இதை அளந்து காட்டினார்கள். 2008இல் அமெரிக்காவில் ராமானி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் ஏழைக் குழந்தைகளை 1 முதல் 10 வரை ஒரே வரிசையாகக் கட்டம் போட்ட பலகையில் விளையாட விட்டார்கள். சில முறை ஆடியதிலேயே எது பெரிது என்று சொல்வதில் தேறினார்கள். அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வண்ணம் வைத்து ஆடியவர்கள் தேறவில்லை. நம் வீட்டுத் தாயக்கட்டைக்கும் பரமபதத்துக்கும் பக்கத்தில் இருக்கிற சங்கதிதான்.

நான் உயிரைக் கொடுத்துப் பழக்கிய அந்தக் குறி 1631இல் வெளியான, ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் புத்தகத்தில் அச்சேறியது. எது பெரிது என்று அதற்கு முன்னும் மனிதர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், நோட்டில் விழுந்திருக்கும் டிக்கை நம்பாதீர்கள். இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையைப் போட்டு எது அதிகம் என்று கேளுங்கள். பதில் சரியாகவே வந்தாலும், "எப்படித் தெரியும்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.