ஹீலாவும் ஆள்வோர் நாவும்

சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாத இறுதியில், நம் ஊர்த் தோல் வணிகர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தமர்ந்தார். நமது மத்ரஸாவின் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டுத் தந்த பெருந்தகை அவர். "ஹஜரத், ஆண்டு நிறைய இன்னும் நாலு நாள் இருக்கிறது. ரொக்கத்தை மனைவி பெயரில் ஹிபா செய்துவிட்டால் என்மீது ஜகாத் உண்டா?" என்று வினவினார்.

கிதாபில் உள்ளதைச் சொன்னோம். ஷாஃபிஈ மத்ஹபில் இது வெறுக்கத்தக்க செயல்; ஆயினும் ஆண்டு நிறையும் வேளையில் பொருள் அவருடைய உடைமையில் இல்லையாதலால் கடமை விழுவதில்லை. தப்பும் நோக்கோடு செய்யும் இத்தகைய மாற்றம் ஜகாத்தை நீக்காது என்பது இமாம் மாலிக், இமாம் அஹ்மத் ஆகியோரின் மத்ஹபு. அது நமக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. 'வெறுக்கத்தக்கது' என்ற சொல்லைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னதாகவும் நினைவு.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முந்திய பயானில், ஜகாத் கொடாதாரை வன்மையாகக் கண்டித்துப் பேசினோம். வணிகர் முதல் வரிசையில் அமர்ந்து, ஆமோதிப்பாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரிட்டனின் பிரதமராயிருந்த டேவிட் கேமரூனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை நம் கண்முன் வந்து நிற்கிறது. 2012 ஜூன் மாதத்தில் ஜிம்மி கார் என்னும் நகைச்சுவைக் கலைஞரின் வரி விவகாரம் அந்நாட்டு ஏடுகளில் வெளியாயிற்று. அவர் சேர்ந்திருந்த ஏற்பாட்டின் பெயர் 'கே2'. ஈட்டிய பணம் ஜெர்சித் தீவிலுள்ள ஒரு நிறுவனத்துக்குப் போகும். அந்நிறுவனம் அவருக்குச் சிறு தொகையைச் சம்பளமாகவும் எஞ்சியதைக் கடனாகவும் கொடுக்கும். கடன் வருமானம் ஆகாதல்லவா? ஆகவே அதற்கு வருமான வரியில்லை! நம் வணிகரின் நான்கு நாள் ஹிபாவுக்கு இது உடன்பிறந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜி-20 மாநாட்டுக்காக மெக்சிகோ சென்றிருந்த பிரதமர் அங்கிருந்தபடியே, இது ஒழுக்கத்துக்கு மாறானது என்று அக்கலைஞரைப் பெயர் சுட்டிக் கண்டித்தார். மறுநாளே கலைஞர் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

அவர் சட்டத்தை மீறியவரல்லர். வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்து வெளியேறுவது வரித் தவிர்ப்பு. அதற்கு அந்நாட்டில் நீண்ட பாரம்பரியமே உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தம் தோட்டக்காரர் முதலிய பணியாட்களுக்கு உரிய ஊதியத்தை ஆவணம் எழுதி ஆண்டுத்தொகையாக மாற்றித் தம் வரியைக் குறைத்துக்கொண்ட வழக்கில், 1935-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை கோமகன் பக்கமே தீர்ப்பளித்தது. நம்மவர்க்கும் இது புதிதன்று. ஹீலாக்களுக்கென்றே இமாம் புகாரி தமது தொகுப்பில் ஒரு தனிப் பாகம் ஒதுக்க நேர்ந்ததே!

கண்டனம் எல்லார்மீதும் ஒரே எடையில் விழுந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டியிராது. 2010 தேர்தலில் கேமரூனின் கட்சியை வெளிப்படையாக ஆதரித்தவர் கேரி பார்லோ என்ற பாடகர். அவர் பணம் போட்டிருந்த வேறோர் ஏற்பாடு வரியைத் தவிர்க்கவே அமைக்கப்பட்டதென்று 2014 மே மாதத்தில் தீர்ப்பாயம் முடிவு கூறியது. அரசு விருதை அவர் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டபோது, அது தேவையில்லை என்றார் பிரதமர். நகைச்சுவைக் கலைஞருக்கு ஒரு படிக்கல், பாடகருக்கு மற்றொன்று.

2016 ஏப்ரலில் பனாமா ஆவணங்கள் வெளிவந்தன. கேமரூனின் தந்தை தொடங்கியவர்களுள் ஒருவராயிருந்த 'பிளேர்மோர்' என்ற முதலீட்டு நிதியம் பனாமாவில் பதிவு பெற்று, பஹாமாஸ் தீவுகளிலிருந்து நடத்தப்பட்டு வந்தது. முதல் நாள் விடை, "இது தனிப்பட்ட விஷயம்" என்பது. அடுத்தடுத்து விளக்கங்கள் வந்தன. இறுதியாக அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்: தாமும் மனைவியும் 1997-இல் 12,497 பவுனுக்கு வாங்கிய பங்குகளை 2010 ஜனவரியில், பிரதமராவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏறத்தாழ 31,500 பவுனுக்கு விற்றதாக.

நீதி தவறக் கூடாது. ஈவுத்தொகைக்கு வருமான வரி செலுத்தியதாக அவர் கூறினார். விற்ற இலாபம் இருவருக்கும் உரிய விலக்கு வரம்புக்குள் அடங்கியது. நிதியம் வரியைத் தவிர்க்கத் தோன்றியதன்று என்றும் சொன்னார். 2013-இல் வரித் தவிர்ப்பின் முறைகேடுகளுக்கு எதிராகப் பொதுவிதியொன்று சட்டமானதும் அவருடைய ஆட்சியில்தான். ஆனால் அதே 2013 நவம்பரில், நிறுவனங்களின் உண்மை உரிமையாளர் பட்டியலைப் பொதுவில் வைக்கும் ஐரோப்பிய முயற்சியில் அறக்கட்டளைகளுக்கு அதே விதி கூடாதென்று ஐரோப்பிய மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதியவரும் அவரே.

மேடையில் நிற்கும் கலைஞனுக்கு நாவு மட்டுமே உண்டு. பிரதமருக்கோ சட்டத்தைத் திருத்தும் பேனாவும் உண்டு. பேனாவால் அடைக்க வேண்டிய பொந்தை நாவால் ஏசிக்கொண்டிருந்தால், அந்த ஏச்சும் ஒரு ஹீலாவன்றி வேறென்ன? கடமையைச் செய்யாமலே செய்ததுபோல் ஆகிவிடுகிறது.

இதை எழுதும்போது நம் கை கூசுகிறது. நம்மிடமும் ஒரு பேனா இருந்தது, சிறியதுதான். ஷஅபான் மாலையில் ஒருவரிடம் உரத்துச் சொல்ல வேண்டியதை, வெள்ளிக்கிழமை முந்நூறு பேரிடம், அவர்களிலே நிஸாபு உடையோர் எத்தனை பேரோ, உரத்துச் சொன்னோம். அன்று நாம் கேமரூனைவிடச் சிறியவர், அவ்வளவே.

வணிகர் அந்த வினாவோடு மீண்டும் வந்ததில்லை. விடைதான் அவரிடம் இருக்கிறதே! ஒவ்வொரு ஷஅபானிலும், மாலிக் இமாமின் சொல்லை அவர் வீடு சென்று சொல்லிவிடலாமென்று எழுகிறோம். சென்ற ஆண்டு அவர் தெருமுனை வரை போனோம். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது பிள்ளைகள் உரக்க ஓதிக்கொண்டிருந்தார்கள். புதுக் கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை.